ஜபருல்லா பாயின் வெயில் பலகை

ஜபருல்லா பாய் இறந்துபோன செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் சோப்புத் தண்ணீர். ஒரு பழைய காரின் கதவில் நீளக் கோடு ஸ்டிக்கரைப் படுக்கவைத்து, அடியில் இருந்த தண்ணீரை ரப்பர் தகட்டால் தள்ளிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். பேசியது பாயின் மகள் மும்தாஜ்.

"ஆன்ட்டி, அத்தா போயிட்டாங்க."

"இந்நேரத்துக்கு எங்கமா போனாரு? மதியம் குஷன் வேலை இருக்குதுன்னு சொன்னாரே" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

காலைத் தொழுகையை முடித்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. படுக்கையில் கிடக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை, யாரையும் தூக்கி உட்காரவைக்கச் சொல்லவில்லை. அவர் பயந்தது அது ஒன்றுக்குத்தான். அது நடக்கவில்லை என்பதில் அந்த நிமிடமே எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

போனை வைத்துவிட்டு அந்த ஸ்டிக்கரை முழுசாக ஒட்டி முடித்தேன். கேட்கிறவர்களுக்குக் கல்நெஞ்சக்காரி என்று தோன்றலாம். ஈர ஸ்டிக்கரைப் பாதியில் விட்டால் ஓரம் சுருங்கிக் குமிழி விழும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் பாய் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார். முடித்தேன், கை கழுவினேன், பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பாயைத் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தை. காஞ்சிபுரம் ரயில்வே ரோட்டில் எங்களுக்கு ஒரே தகரக் கொட்டகை. முன்பாதியில் என் ஸ்டிக்கர் கடை, பின்பாதியில் அவருடைய குஷன் கடை. பழைய கார்களைப் பிரித்து, புதுப்பித்து, பிள்ளை மாதிரி வைத்திருக்கும் ஆட்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அந்தக் கார்களுக்கு வெளியே கோடு, எழுத்து, சின்னம் எல்லாம் என் வேலை. உள்ளே சீட்டு, கதவு அட்டை, கூரைத்துணி எல்லாம் அவர் வேலை. இருவருக்கும் பொதுவானது பசை. பத்தொன்பது வருடம் நாங்கள் சண்டை போட்டதும் பசைக்காகத்தான்.

முதல் சண்டை அவர் கொட்டகைக்கு வந்த முதல் வாரமே நடந்தது. ஒரு பழைய காரின் பானெட்டில், கம்பெனியில் இருந்து வந்தபோது அடித்த அதே பெயின்ட் இருந்தது. அதில் நான் கெட்டிப் பசை உள்ள ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். பத்து நாளில் உரிமையாளர் மனம் மாறி, எடுத்துவிடச் சொன்னார். உரித்தேன். ஸ்டிக்கரோடு பெயின்ட்டும் செதில் செதிலாக வந்தது. பின்பக்கத்தில் இருந்து பாய் வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஸ்டெல்லாம்மா, இந்தப் பெயின்ட்டுக்கு அம்பது வயசு. உன் ஸ்டிக்கருக்கு ஆயுசு அஞ்சு வருஷம். யாரு யாருக்கு மரியாதை குடுக்கணும்?"

"உங்க வேலைய நீங்க பாருங்க பாய். என் ஸ்டிக்கர் விழுந்துச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க, உங்கள இல்ல."

"விழுந்தா இன்னொன்னு ஒட்டிக்கலாம். பெயின்ட்ட எங்க போயி வாங்குவ?"

முடி உலர்த்தும் சூட்டு மெஷினை வீட்டில் இருந்து எடுத்துவந்து, மீதி ஸ்டிக்கரை அவரே சூடு காட்டிக் காட்டி, நூல் நூலாகப் பிரித்தெடுத்தார். அதற்கு அரைநாள் ஆனது. உரிமையாளரிடம் என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

அவருடைய முறை அதுதான். எந்தப் பசையைக் கையில் எடுத்தாலும் "எவ்ளோ கெட்டியா புடிக்கும்?" என்று கேட்க மாட்டார். "நாளைக்கு எடுக்கணும்னா எப்படி எடுக்கறது?" என்றுதான் கேட்பார். எல்லாரும் ஒட்டிக் காட்டித்தான் வேலையைப் பிடிப்பார்கள். இவர் பிரித்துக் காட்டி வேலையைப் பிடித்தவர்.

கடைக்காரர் சொல்லை நம்பமாட்டார், டப்பாவில் எழுதியிருப்பதையும் நம்பமாட்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார். எத்தனை டிகிரி சூடு தாங்கும், ரெக்சினுக்கு ஆகுமா, துணிக்கு ஆகுமா என்று நான் படித்துச் சொல்வேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "இது எழுதனவன் காஞ்சிபுரத்துக் கத்திரி வெயில்ல நின்னுருக்கானா?" என்று கேட்பார். பிறகு அந்தப் பசையை மேலே கொண்டுபோய்விடுவார்.

மேலே என்றால் எங்கள் கொட்டகையின் தகரக் கூரைக்கு. அங்கே ஒரு கதவு அகலத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தார். அதில் ஒரு பாதிக்குத் தகரம் அடித்து, மறுபாதியை மரமாகவே விட்டிருந்தார். புதுப் பசை எது வந்தாலும், ரெக்சின் துண்டோ துணித் துண்டோ என் ஸ்டிக்கர் துண்டோ, அதில் ஒட்டுவார். அடியில் தேதியும், எதற்காக என்பதும் கோணல் தமிழில் பேனாவால் எழுதியிருக்கும். ஒரு கத்திரி முழுக்க அங்கே காயாத பசையை யார் காரிலும் போடமாட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு துண்டாகக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். ஏணியைக் கீழே பிடித்துக்கொள்வது என் வேலை. மேலே இருந்தபடியே தீர்ப்புச் சொல்வார்: "இது இளகிடுச்சுமா. கூரைத்துணிக்கு ஆவாது. கால்மிதிக்கு வேணா போடு."

இதை நான் கேலி செய்திருக்கிறேன். ஒரு பசைக்கு ஒரு வருடம் காத்திருந்தால் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று கத்தியும் இருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு ஏணியை எடுத்து வைப்பார். எங்கள் கொட்டகையில் இருந்து போன காரின் கூரைத்துணி தொங்கிப்போய்த் திரும்பி வந்ததே இல்லை.

இனிச் சொல்லப்போவது இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜன் சார் என்று ஒருவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய அம்பாசடர் உண்டு. கல்யாணமாகி அவர் மனைவி அந்த வீட்டுக்கு வந்தது அந்தக் காரில்தான். அந்த அம்மா தவறி நான்கு வருடம் கழித்து மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சார் ஒரு பையோடு கொட்டகைக்கு வந்தார். பைக்குள் அந்த அம்மாவின் கூரைப்புடவை இருந்தது. அரக்குச் சிவப்பு, கை அகலக் கரை. மடித்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. யாரும் உடுத்த முடியாது.

"பொண்ணு கல்யாணத்துக்கு அவ வரமாட்டா பாய்" என்றார் சார். "பொண்ணு இந்தக் கார்லதான் மண்டபத்துக்குப் போகப் போறா. உக்காந்து நிமிர்ந்தா அம்மா புடவை தலைக்கு மேல தெரியணும். செய்ய முடியுமா?"

பாய் உடனே சரி என்று சொல்லவில்லை. புடவையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். பட்டு பசைக்கு ஆகாது. கொஞ்சம் ஊறினாலும் மேல்பக்கம் வந்துவிடும். முதலில் தெரியாது, ஒரு கோடை போனால் பழுப்புத் திட்டாகும். இந்தப் புடவைக்கு மாற்றுப் புடவை எந்தத் தறியிலும் கிடையாது. சார் ரவிக்கைத் துண்டில் மிச்சமிருந்ததைக் கொடுத்தார். அதை அன்றே கூரைக்கு ஏற்றினார் பாய். நல்ல வேளையாகக் கத்திரி அப்போதுதான் தொடங்கியிருந்தது, கல்யாணம் ஆவணியில்.

கடைசியில் அவர் எடுத்த முடிவு எளிமையானது. புடவைக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்து, நெருக்கமாகக் கையால் தைத்தார். பருத்தி நான்கு பக்கமும் பட்டைவிட இரண்டு விரல் அதிகமாக நீண்டிருக்கும். பசை அந்த இரண்டு விரல் பருத்தியில் மட்டும் படும், அதுவும் பலகையில் தேறிய பசை. பட்டின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. "அந்தம்மா மேல கை வெக்கற மாதிரி நினைச்சுக்கோ" என்று என்னிடம் சொன்னார்.

மூன்று பக்கம் முடிந்தது. பின்கண்ணாடிப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தபோது அவருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். ஒரு வாரம் வீட்டை விட்டு வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான் வந்து முடிக்கறேன், நீ தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் தொட்டேன். சார் தினமும் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கமாட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாய் சொன்ன நாளுக்குள் வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கை பரபரத்தது. பின்பக்கத்தில் பருத்தி நீளம் போதாமல் அரை விரல்தான் இருந்தது. அவர் வந்திருந்தால் ஒரு பட்டை சேர்த்துத் தைத்திருப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. விளம்பர போர்டு வேலைக்கு வைத்திருந்த என் ஸ்பிரே பசையை எடுத்து, கரையை நேராகத் தகரத்தில் ஒட்டி, மேலே ரப்பர் ஓரத்தை அழுத்திவிட்டேன். அது பலகையில் காயாத பசை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பாய் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். காருக்குள் ஏறி உட்கார்ந்தார். பின்பக்கம் திரும்பி ஒரு மூச்சு இழுத்தார்.

"பின்னாடி யாருமா முடிச்சது?"

"நான்தான் பாய். நீங்க செஞ்ச மாதிரியேதான் செஞ்சேன்."

"சரிமா" என்றார். அவ்வளவுதான்.

கண்ணில் மருந்து ஊற்றியிருக்கிறார்கள், இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். மூக்கில் ஒன்றும் ஊற்றவில்லை என்பதை மறந்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் காரில் ஏறி உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டு, மை கலைய அழுதாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. ஒவ்வொரு கத்திரிக்கும் அந்தக் கார் வெயிலில் நிற்பதும், சிவப்புக் கரையில் திட்டுத் திட்டாகப் பழுப்பு ஏறுவதும் கண்ணுக்குள் வரும். அம்பாசடர் ஹாரன் கேட்டால் உள்ளே போய் நின்றுகொள்வேன். சார் வந்து பாயைத்தான் கேட்பார், என்னை அல்ல. பாயின் பெயர் என்னால் கெடும். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை பின்பாதிக்குப் போயிருக்கிறேன். ஊசி இருக்கிறதா, நூல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஊர் வம்பையெல்லாம் பேசுகிற வாய்க்கு இந்த ஒரு பேச்சு மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஏணியைப் பிடிப்பேன், ஆனால் பலகை இருக்கிற பக்கம் தலையைத் தூக்கமாட்டேன். இப்படியே இரண்டு கோடை போனது.

பாயின் வீடு ஒலிமுகமதுபேட்டையில். நான் போனபோது ஆண்கள் வெளியே நின்றிருந்தார்கள், பெண்கள் உள்ளே. பாயின் முகம் தூங்குகிற முகமாக இருந்தது. மும்தாஜ் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, நான் உள்ளுக்குள் வேறு எதற்கோ அழுதுகொண்டிருந்தேன். இனி நான் யாரிடம் சொல்வது? கேட்க வேண்டியவர் போய்விட்டார். ஒரு பொய்யோடு அவரை அனுப்புகிறேனே என்றுதான் இருந்தது.

மதியத் தொழுகைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசல் வரைதான். அப்போது தெருமுனையில் அந்த ஹாரன் கேட்டது. வெண்ணெய் நிற அம்பாசடர் வந்து, வெயிலில் எனக்கு நேர் எதிரே நின்றது. சார் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டமாகப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். கார் நின்றது, நானும் நின்றேன். ஓடிப்போக இடம் இல்லை.

போய்ப் பார்த்தேன். வேறு வழியில்லை என்றுதான் பார்த்தேன். பின்கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தேன். கரை முழுசாக இருந்தது. அரக்குச் சிவப்பு, ஜரிகை, எதிலும் ஒரு புள்ளி பழுப்பு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பிய சார் என்னைக் காருக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"உள்ள உக்காந்து பாருங்கம்மா. பாய் கைவேலை, அப்படியே இருக்குது."

"சார், பின்பக்கம்..." என்று இழுத்தேன்.

"அதுவா? கல்யாணம் முடிஞ்ச வாரமே வந்து மாத்திட்டாரே. என் கைவேலைல ஒரு தப்பு ஆயிடுச்சு சார், ரெண்டு நாள் வேணும்னாரு. எங்க வீட்டு ஷெட்டுலயே உக்காந்து அந்தக் கரையப் பிரிச்சு, பெட்ரோல்ல தொடச்சு, துணி சேத்துத் தெச்சாரு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினே தெச்சாரும்மா. நீங்க ஸ்டிக்கர் ரோல் வாங்க மெட்ராஸ் போயிருந்தீங்களாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சார்."

"சொல்லாதீங்கன்னாரு. ஸ்டெல்லாம்மா தானா சொல்லும், சொல்லும்போது சொல்லட்டும்னாரு. எதைன்னு நான் கேக்கல."

எனக்கு வந்தது நிம்மதி. சாவு வீட்டு வாசலில் சொல்லக்கூடாத வார்த்தைதான், ஆனால் வேறு வார்த்தை இல்லை. காருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடவே கோபமும் வந்தது. இரண்டு கோடை தூக்கம் கெட்டேனே, எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்தாரே இந்த மனுஷர், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று வாய்விட்டே திட்டினேன். சார் பயந்துபோய் மும்தாஜைக் கூப்பிட்டார். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து அவள் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த பிறகு, பாயின் சாமான்களைப் பார்க்க மும்தாஜ் கொட்டகைக்கு வந்தாள். அவளை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். அந்த வயதில் அவர் வாரம் தவறாமல் ஏறியது எவ்வளவு கஷ்டம் என்று நான்கு படியிலேயே தெரிந்தது. தகரம் கொதித்தது. பலகையில் வரிசை வரிசையாகத் துண்டுகள், தேதிகள். தகரப் பாதியின் ஓரத்தில், தனியாக, ஒரு அரக்குச் சிவப்புப் பட்டுத் துண்டு. பழுப்பேறி, பசை மேலே வந்து, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. பக்கத்தில் அதே பட்டு, பருத்தி வைத்துத் தைத்தது, நிறம் மாறாமல் இருந்தது. இரண்டுக்கும் அடியில் அந்தக் கல்யாண மாதத்துத் தேதி. அதற்குக் கீழே அவருடைய கோணல் எழுத்து:

"ஸ்டெல்லாம்மா ஸ்பிரே. சொன்னா காட்ட."

இரண்டு வருடமாக எனக்காக அது அங்கே காய்ந்துகொண்டிருந்தது. நான் தலையைத் தூக்கியிருந்தால் போதும்.

பழுப்புத் துண்டை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். வரவில்லை. பக்கத்துத் துண்டின் பருத்தி ஓரத்தை இழுத்தேன், நூல்கூட அறுகாமல் சுத்தமாகக் கழன்று வந்தது. திரும்ப வைத்து அழுத்தினேன்.

"பாய், பின்கண்ணாடிக் கரைய ஒட்டினது நான்தான். என் ஸ்பிரேலதான் ஒட்டினேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன், சத்தமாக.

"என்ன ஆன்ட்டி?" என்றாள் மும்தாஜ் கீழே இருந்து.

"ஒண்ணுமில்லமா. ஏணிய கெட்டியா புடி."

பலகையை இறக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடம் வெயில்தான். புதிதாக வந்த பசை ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரு துண்டு ரெக்சினை அதில் ஒட்டி, அடியில் தேதி எழுதிவிட்டு இறங்கினேன்.

சொல்லிவிட்டேன் பாய். காட்டிவிட்டீர்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.